வேலை இருக்கிறது, காசு போடக் கணக்கு இல்லை: பிரித்தானியாவில் புதிதாகச் சுயதொழில் தொடங்குவோருக்கு

கடந்த மார்கழி மாதத்தில் ஓர் இரவு, லண்டனிலிருந்து என் சின்னம்மாவின் மகன் வட்ஸ்அப்பில் அழைத்தான். "அக்கா, வேலையை முடிச்சுக் குடுத்திட்டன். காசு தர அவையும் றெடி. போடுறதுக்குத்தான் எக்கவுண்ட் இல்லை" என்றான்.

அவன் புதுக்குடியிருப்பில் பிறந்தவன். இறுதி யுத்தத்தின்போது அவனுக்கு ஒன்பது வயது. முகவருக்குக் கொடுத்த காசுக்காகச் சின்னம்மாவின் தாலிக்கொடி இன்னமும் அடைவில்தான் இருக்கிறது. புகலிடக் கோரிக்கை ஏற்கப்பட்டு அகதி அந்தஸ்து கிடைத்ததும், ஒரு தமிழ்க் கொந்தராத்துக்காரரிடம் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனான். அங்கே கூலி கையில் காசாகவே வந்தது. சில மாதங்களின் பின்னர் ஒரு கட்டட நிறுவனம் அவனுக்கு நேரடியாக ஒரு வேலையைக் கொடுத்தது. வேலை முடிந்ததும் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவு மூன்று விடயங்களைக் கேட்டது: இன்வொய்ஸ், வரி இலக்கம், அவனுடைய பெயரில் ஒரு வியாபார வங்கிக் கணக்கு.

அவன் விண்ணப்பித்த இரண்டு வங்கிகள் காரணம் சொல்லாமலே மறுத்துவிட்டன. அந்த நேரத்தில்தான் கூட வேலை செய்த ஒருவர், "என்ர கம்பனி எக்கவுண்டில போடச் சொல்லு தம்பி, பத்து வீதம் கழிச்சுக் கையில தாறன்" என்று சொல்லியிருக்கிறார். அதைச் செய்யலாமா என்று கேட்கத்தான் என்னை அழைத்திருந்தான்.

செய்யக்கூடாது. ஏன் என்பதையும், சரியான வழி எது என்பதையும் அவனுக்காகத் தேடிப் படித்தபோது, இதே நிலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பிவிட்டு இங்கே காத்திருக்கும் பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இங்கே சொல்லப்படுபவை பிரித்தானியாவின் நடைமுறைகள். கனடா, பிரான்ஸ், சுவிஸ் ஆகிய நாடுகளில் சட்டம் வேறு.

முதலில் வீசா, பிறகுதான் வங்கி

வங்கிக்குப் போவதற்கு முன்னர் ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும். உங்கள் வதிவிட அனுமதி சுயதொழில் செய்ய இடம் தருகிறதா?

அகதி அந்தஸ்து பெற்றவர்கள் சம்பளத்துக்கும் வேலை செய்யலாம், சுயதொழிலும் செய்யலாம். புகலிடக் கோரிக்கை பரிசீலனையில் இருப்பவர்களுக்குப் பொதுவாக வேலை செய்யும் உரிமை இல்லை. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் முடிவு தாமதமானால் வேலை அனுமதி கேட்கலாம். ஆனால் அந்த அனுமதி கிடைத்தாலும் அது சுயதொழிலுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் 'அஸ்பன்' அட்டை உதவிப் பணத்தை எடுப்பதற்கான அட்டை மட்டுமே. அதை வங்கிக் கணக்கு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

மாணவர் வீசாவில் போனவர்களுக்கும் சுயதொழில் தடை. உணவு விநியோகச் செயலிகளில் ஓடுவதும் பெரும்பாலும் சுயதொழிலாகவே கருதப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பராமரிப்பு வேலை போன்றவற்றுக்கு நிறுவன அனுசரணையில் போனவர்கள் அந்த நிறுவனத்துடன் பிணைக்கப்பட்டவர்கள். பக்கத்தில் கொந்தராத்து எடுப்பதற்கு முன்னர் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்பது அவசியம். இந்த இடத்தில் விடும் பிழை வங்கிக் கணக்கோடு நிற்காது. வீசாவையே இழக்கச் செய்யும்.

2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், நாட்டில் இருக்க அனுமதியில்லாதவர்களுக்கு வங்கிகள் நடைமுறைக் கணக்கு திறப்பதைத் தடை செய்கிறது. ஆகவே வங்கி உங்கள் வதிவிட நிலையைப் பார்ப்பது பாகுபாடு அல்ல. அது அவர்களுக்குச் சட்டம் விதித்த கடமை.

ஊரில் 'பி.ஆர்.', அங்கே என்ன?

இங்கே ஒரு கடை போடுவதென்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்த 'பி.ஆர்.' பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோய் நடைமுறைக் கணக்குத் திறப்போம். லண்டனுக்குப் போன பலரும் இதே பத்திரத்தைத் தேடி அலைகிறார்கள். தனியாளாகத் தொழில் செய்பவருக்கு அங்கே அப்படியொரு பத்திரமே இல்லை.

அங்கே பெரும்பாலானோர் தெரிவு செய்யும் வழிகள் இரண்டு. முதலாவது, உங்கள் சொந்தப் பெயரில் தனியாள் வியாபாரி ஆவது. ஒரு வரி ஆண்டில் சுயதொழில் வருமானம் 1,000 பவுண்களைத் தாண்டினால் வரித் திணைக்களத்தில் பதிய வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 6 இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5 இல் முடிகிறது. அது முடிந்த பின்னர் வரும் ஒக்டோபர் 5 பதிவதற்கான கடைசி நாள். பதிந்தால் பத்து இலக்கங்கள் கொண்ட வரி இலக்கம் தபாலில் வரும். பலர் அதை 'யு.ரி.ஆர்.' என்கிறார்கள். அந்தக் கடிதம்தான் ஏறத்தாழ உங்கள் 'பி.ஆர்.' அதைப் பத்திரமாக வைத்திருங்கள். பதிவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. காசு கேட்பவர் இடைத்தரகர்.

இரண்டாவது, வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்றைப் பதிவது. சட்டத்தின் பார்வையில் கம்பனி என்பது உங்களிடமிருந்து வேறான ஓர் ஆள். கம்பனிக் காசு உங்கள் காசு அல்ல. ஆகவே அதற்குத் தனிக் கணக்கு இல்லாமல் எதுவும் நகராது. வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் கணக்கறிக்கை கொடுக்க வேண்டும். பிந்தினால் முதல் மாதத்துக்கே 150 பவுண் தண்டம். 2025 நவம்பரிலிருந்து பணிப்பாளர்கள் தங்கள் அடையாளத்தையும் உறுதிப்படுத்த வேண்டியுள்ளது.

"கம்பனி பதிந்தால்தான் மரியாதை" என்ற எண்ணம் எங்கள் ஆட்களிடம் உண்டு. தூரிகையும் ஏணியும் மட்டும் வைத்துத் தொழில் தொடங்கும் ஒருவருக்குத் தனியாள் வழி போதுமானது. வேலை பெருகினால் பிறகு கம்பனி பதியலாம்.

தனியாள் வியாபாரிக்குத் தனி வியாபாரக் கணக்கு வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பல வங்கிகள் தனிப்பட்ட கணக்கில் வியாபாரக் காசு போடுவதைத் தங்கள் நிபந்தனைகளில் தடுக்கின்றன. தொடர்ந்து போட்டால் அந்தக் கணக்கையே மூடிவிட முடியும். வாடகையும் சாப்பாட்டுக் காசும் அதே கணக்கில் இருந்தால் அன்றோடு எல்லாம் நின்றுவிடும்.

20 வீதமா, 30 வீதமா?

கட்டட வேலையில் இருப்பவர்கள் இன்னொரு பதிவையும் செய்ய வேண்டும். பிரித்தானியாவில் கட்டடத் தொழிலுக்கென்று 'சி.ஐ.எஸ்.' எனப்படும் ஒரு வரித் திட்டம் இருக்கிறது. பெரிய ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரருக்குக் காசு கொடுக்கும்போதே ஒரு பகுதியைப் பிடித்து வரித் திணைக்களத்துக்குக் கட்டிவிட வேண்டும். இந்தத் திட்டத்தில் பதிந்தவரிடம் 20 வீதம், பதியாதவரிடம் 30 வீதம் பிடிக்கப்படும். பொருட்களுக்கான செலவில் பிடிப்பதில்லை. கூலியில் மட்டும்தான்.

ஒரு வேலைக்குக் கூலி 1,000 பவுண், பெயின்ட் 200 பவுண் என்று வைத்துக்கொள்வோம். பதிந்தவருக்கு 1,000 பவுண் கையில் வரும். பதியாதவருக்கு 900 பவுண்தான் வரும். ஆகவே இன்வொய்ஸில் கூலியையும் பொருட்செலவையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே தொகையாக எழுதினால் பெயின்ட் காசிலும் பிடிப்பார்கள்.

பிடித்த காசு போன காசு அல்ல. அது முற்கூட்டியே கட்டிய வரி. ஒருவர் வருடத்தில் 20,000 பவுண் கூலி உழைத்தால் 4,000 பவுண் பிடிக்கப்பட்டிருக்கும். ஆனால் முதல் 12,570 பவுண்களுக்கு வருமான வரி இல்லை. மிகுதி 7,430 பவுண்களுக்கு 20 வீத வரியும் 6 வீதத் தேசியக் காப்புறுதியும் சேர்த்தால் அவர் உண்மையில் கட்ட வேண்டியது சுமார் 1,930 பவுண். வேறு வருமானம் இல்லாவிட்டால் ஏறத்தாழ 2,070 பவுண் திரும்பி வரவேண்டும். போக்குவரத்து, கருவிகள் போன்ற செலவுகளைக் காட்டினால் இன்னும் கூடும். ஆனால் பிடித்ததற்கான மாதாந்தக் கூற்றை ஒப்பந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, சனவரி 31 இற்குள் இணையவழியில் வரி விபரத்தைக் கொடுத்தால்தான் கணக்குத் தீர்க்கப்படும்.

கையில் காசாக வாங்கிக்கொண்டு திரியும் எங்கள் பிள்ளைகள் பலர், வரி கட்டாமல் தப்பிவிட்டதாக நினைக்கிறார்கள். கூலியில் 20 வீதம் பிடித்துவிட்டு அதை வரித் திணைக்களத்துக்குக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு அது மிகவும் வசதி.

வங்கி ஏன் இத்தனை கேள்வி கேட்கிறது?

2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி, வாடிக்கையாளர் யார், அவர் என்ன தொழில் செய்கிறார், காசு எங்கிருந்து வருகிறது என்று வங்கி தெரிந்திருக்க வேண்டும். பொதுவாகக் கேட்கப்படுபவை இவை: அடையாள ஆவணம், முகவரிச் சான்று, என்ன வேலை, வருடத்தில் எவ்வளவு வருமானம் எதிர்பார்க்கிறீர்கள், வேறு நாட்டில் வரி கட்டுகிறீர்களா, வெளிநாட்டுக்குக் காசு அனுப்புவீர்களா.

"வியாபாரம்" என்று ஒரு சொல்லில் எழுதினால் போதாது. "லண்டனில் வீடுகளுக்கு உட்புற வர்ணம் பூசும் வேலை, கட்டட நிறுவனங்களிடமிருந்து வங்கி மூலம் கொடுப்பனவு, மாதம் சுமார் 1,500 பவுண்" என்பது போல எழுதுங்கள். பெரிதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக வருமானத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். சொன்னதற்கும் கணக்கில் நடப்பதற்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் அதுவே சந்தேகத்துக்குக் காரணமாகும்.

ஊருக்குக் காசு அனுப்புவதையும் மறைக்க வேண்டியதில்லை. பெற்றோருக்கு உதவுவது சட்டபூர்வமானது. விடுதலைப் புலிகள் இயக்கம் 2001 முதல் பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டிருப்பதால், இலங்கைக்குப் போகும் சில கொடுப்பனவுகள் பற்றிக் கேள்வி வரலாம். பதிவு பெற்ற நிறுவனம் அல்லது வங்கி மூலம் அனுப்பி, 'குடும்பச் செலவு' என்று எழுதி, ரசீதை வைத்திருந்தால் பதில் சொல்வது சுலபம். உண்டியலில் அனுப்பினால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

அகதிகளுக்கு அடையாள ஆவணம் ஒரு சிக்கல். பலரிடம் இலங்கைக் கடவுச்சீட்டு இல்லை. இருந்தாலும் அகதி அந்தஸ்து பெற்றவர் அதைப் பயன்படுத்துவது அவருக்கே பாதகமாகலாம். முன்னர் இருந்த பிளாஸ்டிக் வதிவிட அட்டைகளுக்குப் பதிலாக இப்போது இணையவழி 'ஈ-வீசா' வந்துவிட்டது. வங்கிச் செயலிகள் பெரும்பாலும் கையில் பிடித்துப் படமெடுக்கக்கூடிய ஓர் ஆவணத்தையே கேட்கின்றன. ஈ-வீசாவைப் படமெடுக்க முடியாது. என் தம்பியின் முதல் விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் இடறியிருக்க வேண்டும் என்று அவனுக்கு உதவிய ஆலோசகர் சொன்னார். இதற்கு உதவும் இரண்டு ஆவணங்கள் உண்டு: அகதிகளுக்கான பயண ஆவணம், கற்றுக்கொள்பவருக்கான சாரதி அனுமதிப்பத்திரம். பிந்தையது வாகனம் ஓடுவதற்கு முன்னரே எடுக்கக்கூடியது. இணையவழியில் 34 பவுண். கிளைக்கு நேரில் போனால் ஈ-வீசாவின் 'பகிர்வுக் குறியீட்டை'க் கொடுக்கலாம். அது 90 நாட்களுக்குச் செல்லுபடியாகும்.

முகவரிக்கு வரித் திணைக்களக் கடிதம், உள்ளூராட்சி வரிச் சீட்டு, அரச உதவிக் கடிதம் போன்றவை பயன்படும். ஆகவே அறை மாறும்போதெல்லாம் எல்லா இடத்திலும் முகவரியை மாற்றுங்கள்.

எங்கள் பெயர்கள்

எங்கள் பெயரில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். சில இடங்களில் அது முதலெழுத்தாகச் சுருங்கும். குடும்பப் பெயர் என்ற ஒன்றே பலருக்கு இல்லை. யுத்தத்தில் பிறப்புப் பத்திரம் தொலைந்து, பிறகு நடமாடும் சேவையில் புதிதாக எடுத்தபோது ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். 'சிவராசா' என்ற ஒரே பெயரைக் கடைசியில் 'எச்' போட்டும் போடாமலும், நடுவில் 'எஸ்' வைத்தும் 'ஜே' வைத்தும் எழுதுகிறோம். எங்களுக்கு அது ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர்.

பிரித்தானியாவில் ஒருவர் உங்கள் கணக்குக்குக் காசு போடும்போது, அவர் அடித்த பெயரும் கணக்கிலுள்ள பெயரும் பொருந்துகிறதா என்று வங்கி சரிபார்த்துச் சொல்லும். பொருந்தாவிட்டால் எச்சரிக்கை வரும். மோசடிக்குப் பயந்து பல நிறுவனங்கள் அதோடு கொடுப்பனவை நிறுத்திவிடும்.

ஆகவே ஈ-வீசாவில் உள்ள பெயரை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். வரிப் பதிவு, வங்கி, வீட்டு வாடகை ஒப்பந்தம், இன்வொய்ஸ் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கள், அதே ஒழுங்கு. ஈ-வீசாவிலேயே பிழை இருந்தால் முதலில் உள்துறை அமைச்சிடம் அதைத் திருத்தக் கேளுங்கள். பெற்றோருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்து, தெளிவாகப் படமெடுத்து அனுப்பி, மூலப்பிரதியை வீட்டில் வைத்திருங்கள்.

எந்த வங்கி?

பார்க்லேஸ், லொயிட்ஸ் போன்ற கிளையுள்ள வங்கிகளும் உண்டு. ஸ்டார்லிங், மொன்சோ போன்று கைத்தொலைபேசிச் செயலியில் மட்டும் இயங்கும் வங்கிகளும் உண்டு. கிளையுள்ள வங்கியில் ஆளோடு கதைத்து ஆவணத்தை விளக்கலாம். ஆனால் ஆரம்பச் சலுகைக் காலம் முடிந்ததும் வியாபாரக் கணக்குக்கு மாதக் கட்டணம் வருவது வழமை. செயலி வங்கிகளில் மாதக் கட்டணமில்லாத கணக்குகள் கிடைக்கும். ஆனால் ஆவணத்தைக் கணினி ஏற்காவிட்டால் நியாயம் சொல்ல ஆளில்லை.

வங்கி போலத் தோற்றமளிக்கும் எல்லாச் செயலியும் வங்கி அல்ல. அனுமதி பெற்ற வங்கி முறிந்தால் ஒருவருக்கு 120,000 பவுண் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. இலத்திரனியல் பணக் கணக்குகளுக்கு அந்தக் காப்புறுதி நேரடியாகக் கிடையாது. தமிழீழ வைப்பகத்தில் வைத்த காசையும் நகையையும் இழந்த குடும்பங்கள் எங்களிடையே இருக்கின்றன. ஆகவே "இது வங்கியா, காப்புறுதி உண்டா" என்று கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

மறுத்தால் என்ன செய்வது?

ஒரே நாளில் பத்து வங்கிக்கு விண்ணப்பிக்க வேண்டாம். மறுப்பு வந்தால் முதலில் ஆவணமா, பெயரா, முகவரியா என்று பாருங்கள். தனிப்பட்ட கணக்கு ஏற்கெனவே இருக்கும் வங்கியில் வியாபாரக் கணக்குக் கேட்பது பெரும்பாலும் சுலபம். தனிப்பட்ட கணக்கே இல்லாவிட்டால் அடிப்படைக் கணக்குக் கேளுங்கள். சட்டபூர்வமாக வதியும் ஒருவருக்கு அதைக் கொடுக்கப் பெரிய வங்கிகள் கடமைப்பட்டவை. ஆனால் அது வியாபாரக் கணக்கு அல்ல.

வங்கி காரணம் சொல்லாதது எப்போதும் ஆணவம் அல்ல. சந்தேக அறிக்கை ஏதும் கொடுக்கப்பட்டிருந்தால் அதை வாடிக்கையாளருக்குச் சொல்வதைச் சட்டமே தடுக்கிறது. அநியாயம் என்று கருதினால் வங்கியிடம் எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரங்களில் பதில் வராவிட்டாலோ, வந்த இறுதிப் பதில் திருப்தி தராவிட்டாலோ, நிதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். இறுதிப் பதில் கிடைத்தால் அன்றிலிருந்து ஆறு மாதங்கள் அவகாசம். தனியாள் வியாபாரிகளுக்கும் இந்தச் சேவை இலவசம்.

பெயரைக் கடன் கொடுக்காதீர்கள்

இப்போது "என்ர கம்பனி எக்கவுண்டில போடு" என்ற பேச்சுக்கு வருவோம். அந்தக் காசு சட்டத்தின் முன் அவருடைய கம்பனியின் வருமானம். அவர் தராவிட்டால் உங்களிடம் காட்ட ஒரு துண்டும் இல்லை. உங்கள் பெயரில் பிடித்த வரி என்று எதுவும் இருக்காது. திரும்பவும் வராது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. புதிதாக வந்த பிள்ளைகளிடம், "உன்ர எக்கவுண்டில கொஞ்சக் காசு வரும், எடுத்துத் தா" என்றும், "உன்ர பேரில ஒரு கம்பனி பதிவம், நீ கையெழுத்து மட்டும் வை" என்றும் கேட்பவர்கள் உண்டு. கேட்பவர் ஊர்க்காரராக இருப்பார், தங்க இடம் தந்தவராக இருப்பார். மறுப்பது கடினம். ஆனால் குற்றக் காசைக் கணக்கினூடாக அனுப்ப விடுவது பிரித்தானியாவில் 14 வருடங்கள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மோசடித் தரவுத்தளத்தில் பெயர் ஏறினால் ஆறு வருடங்கள் வரை வங்கிக் கணக்கோ கடனோ எடுப்பது மிகக் கடினம். பெயருக்குப் பணிப்பாளராக இருந்தாலும் பொறுப்பு முழுப் பணிப்பாளருக்குரியது. அகதி அந்தஸ்தில் இருக்கும் ஒருவருக்குக் குற்றத் தீர்ப்பு என்பது எதிர்கால வதிவிடத்தையே பாதிக்கக்கூடியது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை காசு அனுப்பப் பிந்தினால் "அங்க உள்ள ஆரிட்டையாவது மாறித் தா" என்று நெருக்காதீர்கள். இந்த வலையில் விழும் பிள்ளைகளில் சிலர் வீட்டு அடைவுக் காசை நினைத்துத்தான் விழுகிறார்கள்.

என் தம்பி அந்தப் பத்து வீதப் பேச்சுக்குப் போகவில்லை. நிறுவனத்திடம் அவகாசம் கேட்டு மின்னஞ்சல் எழுதினான். அவர்கள் கொடுத்தார்கள். பயண ஆவணம் வந்தது. தனிப்பட்ட கணக்கு இருந்த அதே வங்கியின் கிளைக்கு, வரி இலக்கக் கடிதத்தோடும் இன்வொய்ஸோடும் நேரில் போனான். மாசி மாதத்தில் வியாபாரக் கணக்குத் திறக்கப்பட்டது. 20 வீதம் கழித்து முதல் காசு விழுந்த அன்று எனக்கு ஒரு படம் அனுப்பினான். கணக்கில் அவனுடைய பெயரும் சித்தப்பாவின் பெயரும் ஈ-வீசாவில் இருக்கும் அதே எழுத்துக்களில் இருந்தன.

தாலிக்கொடியை மீட்க இன்னும் எவ்வளவு வேண்டும் என்று சின்னம்மாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னான். கேட்டேன். வட்டியோடு சேர்த்து அவர் சொன்ன தொகையை அனுப்பி வைத்தேன்.